டைனோசர் முட்டை என்று நான் வாங்கிய கல்

2022 ஆடி மாதக் கடைசியில் எனக்குச் சீட்டுப் பணம் 50,000 ரூபாய் கைக்கு வந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் அதில் 45,500 ரூபாய் ஒரு கல்லுக்காகப் போனது. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அவரிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. மாமியாரிடமும் மூச்சு விடவில்லை. தனியாகவே அலைந்தேன், தனியாகவே அழுதேன். யாராவது ஒருவர் முன்னாலேயே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லித் தந்திருந்தால் அந்தப் பணம் என் பீரோவிலேயே இருந்திருக்கும். அந்த இரண்டு கேள்வியையும் இன்னொருவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கத்தில், எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை டியூஷன் எடுக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு திரும்பி வந்த பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனசே ஒட்டவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாத் தலையும் நிமிரும், அது டைனோசர். சரி, இதை வைத்தே அறிவியலுக்குள் இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். நிஜமான ஒரு புதைபடிவத்தை அவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டும், புத்தகப் படத்துக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியைத் தூர் வாரியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தது நினைவிருக்கலாம். டைனோசர் முட்டை என்று போன் போனாகச் செய்தி பரவியது. நானும் அந்த வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். சில நாட்களிலேயே நிலவியல் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, அவை முட்டைகள் இல்லை, அம்மோனைட் என்ற கடல் உயிரைச் சுற்றி உருவான கல் உருண்டைகள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் திருத்தம் எனக்கு வந்து சேரவேயில்லை. வீடியோவை அனுப்பிய பதினைந்து பேரில் ஒருவர்கூட அதை அனுப்பவில்லை. அதனால் இரண்டு வருடம் என் மனதில் பெரம்பலூர் என்றால் டைனோசர் முட்டை என்றே பதிந்து கிடந்தது. இப்படி ஒரு செய்தி வந்தால் ஒரு வாரம் கழித்து அதே ஊர்ப் பெயரைப் போட்டு மறுபடி தேடிப் பாருங்கள்.

பழைய நாணயம், கல், ஸ்டாம்ப் விற்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில், எனக்குக் கல்லை விற்ற அந்தத் தம்பி அறிமுகமானார். ஒரு சனிக்கிழமை காலையில் வண்டியின் முன்னால் கோணிப்பையைச் சுற்றி வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நடுத்தரப் பறங்கிக்காய் அளவு, பழுப்பு நிறம், கிட்டத்தட்ட உருண்டை. பிறகு அளந்தபோது குறுக்களவு 24 செ.மீ., எடை 19 கிலோ. தொட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. “பெரம்பலூர் பக்கம் ஒரு ஏரியில எடுத்ததுக்கா, டெஸ்ட் பண்ணியே காட்டுறேன் பாருங்க” என்று பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டு ஆசிட் விட்டார். கல் சுறுசுறுவென்று நுரைத்தது. “முட்டை ஓடு சுண்ணாம்புதானே, அதான் பொங்குது” என்றார். வகுப்பில் நானே முட்டை ஓட்டை வினிகரில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதனால் அந்த நுரையைப் பார்த்ததும் என் சந்தேகம் அடங்கிவிட்டது.

அங்கேதான் நான் விழுந்தேன். முட்டை ஓட்டிலும் கால்சியம் கார்பனேட் இருக்கிறது, சுண்ணாம்புக் கல்லிலும் இருக்கிறது. ஆசிட் விட்டால் இரண்டுமே நுரைக்கும். கிளிஞ்சலும் நுரைக்கும், பளிங்குத் தரையும் நுரைக்கும். சிமென்ட் ஆலைகள் வரிசையாக நிற்கிற அரியலூர், பெரம்பலூர் சீமையில் தோண்டுகிற இடமெல்லாம் சுண்ணாம்புக் கல். அங்கே பொறுக்கிய ஒரு கல் நுரைத்தால் அது முட்டை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆசிட் சோதனையை யாராவது சான்றாகக் காட்டினால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

60,000 என்று ஆரம்பித்து 35,000-க்கு வந்தார். இரண்டு கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள், நாளைக்கு அங்கே கொடுத்துவிடுவேன் என்றார். ஒரு ராத்திரிகூட யோசிக்க விடாமல் அவசரப்படுத்தினார். ஜிபேயில் அனுப்பினேன். சான்றிதழ் வேண்டும் என்றால் தனியாக 3,500 என்றார், அதையும் கொடுத்தேன். நாலு நாளில் லேமினேஷன் செய்த வண்ணக் காகிதம் தபாலில் வந்தது. 7 கோடி ஆண்டுப் பழமை, டி.ரெக்ஸ் முட்டை என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. யார் பார்த்தார்கள், எந்த முறையில் பார்த்தார்கள், எந்த ஊர், எந்தப் பாறை என்று ஒரு வரிகூட இல்லை. டி.ரெக்ஸ் என்ற ஊன் தின்னி டைனோசர் வாழ்ந்தது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில். அதன் முட்டை என்று உறுதியாகச் சொல்லும்படி உலகத்தில் எங்கேயும் இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து நிமிடம் படித்திருந்தால் அந்தக் காகிதத்தின் வண்டவாளம் தெரிந்திருக்கும். நான் அதைக் கண்ணாடிப் பெட்டியோடு சேர்த்து மாட்டி வைத்தேன். பெட்டிக்கு 4,200.

ஒரு மாதம் சந்தோஷமாகத்தான் போனது. பிள்ளைகள் தங்கள் பள்ளி நண்பர்களைக் கூட்டி வந்து காட்டினார்கள். அப்புறம் ஒரு நாள், எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவன் கேட்டான்: “மிஸ், அரியலூர் பெரம்பலூரெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? கடலுக்குள்ள டைனோசர் எப்படி முட்டை போட்டிருக்கும்?” எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவன் மறக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்த நான் மறந்திருந்தேன்.

பதில் தேடி மூன்று வாரம் அலைந்தேன். கார் வாடகை, பஸ் என்று 2,800 போனது. ஒருவர் போட்டோவைப் பார்த்தே “சந்தேகமே இல்லை, முட்டைதான்” என்றார். இன்னொருவர் ‘லேப் டெஸ்ட்’ செய்து தருவதாக 8,000 கேட்டார், நல்லவேளையாக என்னிடம் பணம் இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தால் உள்ளே குட்டி தெரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஸ்கேன் சென்டர் வாசல் வரைக்கும் கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். நோயாளிகளுக்கான மெஷினில் கல்லெல்லாம் வைக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில்தான் நிலவியல் துறை உள்ள ஒரு கல்லூரிக்குப் போகத் தோன்றியது. முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம் அது. காசும் கேட்கவில்லை. நீங்கள் அப்படிப் போவதாக இருந்தால் முதல் நாளே போன் செய்து, பல கோணத்தில் எடுத்த போட்டோக்களை அனுப்பிவிட்டுப் போங்கள். பக்கத்தில் ஒரு அடிஸ்கேல் வைத்து எடுங்கள். பாதி நேரம் போட்டோவிலேயே விஷயம் முடிந்துவிடும், 19 கிலோவைச் சுமக்க வேண்டியதில்லை.

அங்கே இருந்த பேராசிரியர் சார் கல்லைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, “எங்கம்மா எடுத்தது?” பெரம்பலூர் பக்கம் ஒரு ஏரி என்றேன். எந்த ஊர், எந்த ஏரி, கரையிலா அடியிலா, எந்த நிற மண்ணில், கூட வேறு என்ன கிடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. “அப்ப பாதி விஷயம் போயிடுச்சு” என்றார். திட்டவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

இரண்டாவது கேள்வி, ஓடு எங்கே என்பது. மேஜை டிராயரில் இருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு சில்லை எடுத்து லென்ஸோடு என் கையில் கொடுத்தார். குஜராத்தில் கிடைத்த உண்மையான டைனோசர் முட்டை ஓடு. ஒன்றரை மில்லிமீட்டர்தான் கனம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் மேலே கடுகு கடுகாகப் புடைப்புகள், நடுநடுவே பொடித் துளைகள். உள்ளே இருந்த குஞ்சு மூச்சு விட்ட துளைகள் அவை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு என் கல்லை லென்ஸில் காட்டினார். ஓடு என்று தனியாக ஒன்றுமே இல்லை. உடைந்திருந்த ஒரு மூலையில் வெங்காயம் போல அடுக்கடுக்காகத் தெரிந்தது, மேலிருந்து உள்ளே வரை ஒரே பொருள். முட்டை என்றால் ஓடு ஒரு பொருளாகவும், உள்ளே நிரம்பிக் கல்லான மண் வேறு பொருளாகவும் இருக்க வேண்டும்.

அளவும் பொருந்தவில்லை. நம் நாட்டில் கிடைக்கும் டைட்டனோசர் என்ற நீண்ட கழுத்து டைனோசரின் முட்டைகள் பெரும்பாலும் 15 முதல் 17 செ.மீ. குறுக்களவில்தான் இருக்கின்றன. பஸ் நீளத்தைத் தாண்டும் மிருகத்துக்கு அவ்வளவு சின்ன முட்டை. முட்டை பெரிதாகப் பெரிதாக அதைத் தாங்க ஓடும் தடிக்க வேண்டும். ஓடு அளவுக்கு மீறித் தடித்தால் குஞ்சு மூச்சு விடவும் முடியாது, உடைத்துக்கொண்டு வெளியே வரவும் முடியாது. குன்னத்தில் கிடைத்த பெரிய உருண்டைகளைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர்களுக்குச் சந்தேகம் வர இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அப்படியானால் இது என்ன என்று கேட்டேன். பாதியாக உடைந்த இன்னோர் உருண்டையைக் காட்டினார். நடுவில் சுருள் சுருளாக ஒரு சக்கரம். அதுதான் அம்மோனைட், கணவாய்க்குச் சொந்தக்கார உயிர். செத்துக் கடலடிச் சேற்றில் விழுந்து அது அழுகும்போது சுற்றியுள்ள தண்ணீரின் தன்மை மாறுகிறது. அதனால் கரைந்திருந்த சுண்ணாம்பு அதைச் சுற்றிப் படிகிறது. படிந்து படிந்து உருண்டையாகிவிடுகிறது. எங்கள் மாமியார் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமத்தின் சக்கரமும் இதேதான். இமயமலை இருக்கும் இடம் கடலாக இருந்தபோது அங்கே வாழ்ந்த அம்மோனைட், இன்று நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் உருண்டு வருகிறது. நான் தினமும் விளக்கேற்றும் இடத்திலேயே ஒரு புதைபடிவம் இருந்திருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம் பாதி, அவமானம் பாதி. அந்தத் தம்பிக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. ஆனால் ‘டைனோசர் முட்டை, கேரண்டி’ என்று அவர் அனுப்பிய மெசேஜ், குரல் பதிவு, ஜிபே ரசீது எல்லாவற்றையும் நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, ஒரு வாரத்தில் பணம் வராவிட்டால் புகார் கொடுப்பேன் என்று எழுதினேன். டிசம்பரில் 10,000 திரும்பி வந்தது, அதற்குமேல் வரவில்லை. நிகர நஷ்டம் 35,500. புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. வெளியே தெரிந்தால் டியூஷன் டீச்சருக்கே இது தெரியவில்லையா என்று பேசுவார்களே என்ற பயத்தில் விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வீட்டுக்காரர் பேசியபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மூணு மாசமா இதையா மனசுல வெச்சிட்டிருந்த?” என்றார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், 2023 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் 256 டைட்டனோசர் முட்டைகளை ஆராய்ந்த செய்தி வந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன். கூடுகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன, தாய் நடுவில் நடமாடக்கூட இடமில்லை. அதனால் முட்டையிட்டு மண்ணால் மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும், பறவை போல உட்கார்ந்து அடைகாத்திருக்க முடியாது என்று கணிக்கிறார்கள். அதே வட்டாரத்தில் முட்டைக்குள் முட்டையாக ஒன்று கிடைத்ததை 2022-ல் எழுதியிருந்தார்கள். கோழி போன்ற பறவைகளிடம் அபூர்வமாகக் காணப்படும் கோளாறு அது. குஜராத்தில் தோலி டுங்ரி என்ற ஊரில் 1980களில் கிடைத்த ஒரு பாறைத் துண்டு இன்னும் ஆச்சரியம். முட்டைகளோடு கிடந்த எலும்புகளெல்லாம் டைனோசர் குஞ்சுடையவை என்றே நினைத்திருந்தார்கள். 2001-ல் ஒருவர் உற்றுப் பார்த்தபோது அதில் பாம்பின் முதுகெலும்பு தெரிந்தது. மூன்றரை மீட்டர்ப் பாம்பு ஒன்று கூட்டுக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது, பக்கத்தில் அப்போதுதான் பொரித்த குஞ்சு. 2010-ல் அதற்கு சனாஜே இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாறையில் இருந்து முட்டையை மட்டும் யாராவது பெயர்த்து 35,000-க்கு விற்றிருந்தால் பாம்பும் இல்லை, குஞ்சும் இல்லை, கூடும் இல்லை. நிஜ முட்டையாகவே இருந்திருந்தாலும் என் கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஊமையாகத்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் டைனோசரே இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கடல் பின்வாங்கிய கடைசிக் காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மண் கல்லமேட்டில் இருக்கிறது. அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து 1980களில் பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிருஹத் என்றால் பெரிய, காயம் என்றால் உடம்பு. அதன் கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர். முதலில் ஊன் தின்னி என்று நினைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துத் தழை தின்னி என்று கருத்து மாறியது. உலகிலேயே மிகப் பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் நிலைக்கவில்லை, உதிர்ந்து போய்விட்டன. மிஞ்சியது படங்களும் அளவுகளும்தான். இதைப் படித்த அன்று என் 35,500-ஐ விட அதற்காகத்தான் அதிகம் வருத்தப்பட்டேன். உங்கள் வயலிலோ ஏரியிலோ வித்தியாசமாக எதையாவது பார்த்தால் கடப்பாரை போடாதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள், போன் காட்டும் இடக்குறிப்பைச் சேமியுங்கள், பக்கத்தில் உள்ள நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கோ சொல்லுங்கள்.

பிப்ரவரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேனில் கிளம்பினேன். வாடகை 4,800, அதைப் பெற்றோர்கள் பகிர்ந்துகொண்டார்கள். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம், அதாவது கல்லாகிப்போன மரம், கிடக்கிறது. நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்தது, வயது சுமார் 12 கோடி ஆண்டு. பிறகு காரை என்ற ஊர். செம்மண்ணும் வெளிர்மண்ணுமாக மழை அரித்த ஓடைகள், மர நிழலே கிடையாது. காலை பத்து மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். நாங்கள் பதினொன்றரைக்குப் போய் ஒரு சின்னப் பெண்ணுக்கு மயக்கம் வந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கையில் சுத்தியலைக் கொடுக்காதீர்கள். மத்தியானம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் கீழே பெயர் எழுதியிருப்பதைப் பிள்ளைகள் தங்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் சான்றிதழைக் கழற்றினேன். கல்லை எறிய மனசு வரவில்லை, அதன்மேல் கோபமும் இல்லை. அது பொய் சொல்லவில்லை, கடலடியில் உருவான நிஜக் கல்தான். கேள்வி கேட்ட அந்தப் பையனையே புது அட்டை எழுதச் சொன்னேன். பொருள்: கடலடியில் உருவான சுண்ணாம்பு உருண்டை. உள்ளே: உடைத்துப் பார்க்கவில்லை, அம்மோனைட் இருக்கலாம். மூன்றாவது வரியில் ‘கிடைத்த இடம்’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.